மூக்கில் வைத்த கனம்

அத்தியாயம் 9

கண்புரை வெட்டிய என் இரண்டு கண்களின் மேல் ஆணையாக, வெட்டிய டொக்டரின் மேலும் ஆணையாக, இந்தக் கிழமை, இந்த வாராந்தத் தொடரில் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. போன கிழமைகளிலும் உண்மையைத்தான் எழுதினேன். ஆனாலும் பாபகூராவிலிருந்து ஒரு வாசகி, என் வீட்டு எலுமிச்சையில் ஒரே காம்பில் பதினேழு காய் காய்த்ததை நம்ப முடியவில்லை என்று கடிதம் போட்டிருக்கிறார். இந்தச் சத்தியம் அவருக்காக. பதினேழுதான்.

புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு இரண்டு வரி. நான் குலசிங்கம், வயது எழுபத்து மூன்று. கொழும்பிலிருந்து வந்து கிளென்ஃபீல்டில் மனைவி கௌரியோடு இருக்கிறேன். மகள் நிலானி நர்ஸ். பத்து நிமிடக் கார் தூரத்தில் வீடு. மகன் அனுஷன் கடல் தாண்டிப் பிரிஸ்பேனில் விமானங்களுக்கு நட்டுப் பூட்டுகிறான். நாலு வயதில் இந்த ஊருக்கு வந்தவன், இருபத்தொரு வயதில் மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டு அந்த வேலைக்குப் போனான்.

"நட்டுப் பூட்டுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று கேட்டேன்.

"பூட்டாட்டி நீங்கள் ஏறுற பிளேன் விழும், அப்பா."

"விழட்டும்" என்றேன்.

அது ஆறு வருடத்துக்கு முந்திய பேச்சு. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. அவன் தாயோடு ஞாயிறுதோறும் போனில் கதைப்பான். நான் அந்த நேரத்தில் புல் வெட்டுவேன். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் வெட்டியதில் எங்கள் புல் முளைப்பதையே நிறுத்திவிட்டது. மண்ணைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை, நிலானி செவ்வாய் பின்னேரம் போன் எடுத்து, தம்பி டிக்கெட் போட்டுவிட்டான், அடுத்த கிழமை சனிக்கிழமை வருகிறான் என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தேன். கௌரி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கருகியது. இரவு அதைத்தான் சாப்பிட்டோம். கௌரி இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்குச் சாமித்தட்டின் முன்னால் நின்று கௌரி கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, மஞ்சள் முடிச்சு எங்கை?"

"எந்த முடிச்சு?" என்று கேட்டேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. கேள்வியில் பொய் சொல்ல முடியாது.

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். மஞ்சள் பூசிய துணியில் கட்டிய வெள்ளி அரைஞாண் அது. அனுஷனுக்கு முப்பத்தோராம் நாள் இடுப்பில் கட்டியது. நடுவில் மிளகளவு சலங்கை ஒன்று. கொழும்பில் வாடகை வீட்டில் அவன் தவழ்ந்த நாட்களில், எந்தக் கட்டிலுக்கு அடியில் நிற்கிறான் என்பதைக் கௌரி அந்தச் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பாள்.

அவன் பிரிஸ்பேனுக்குப் போன அன்றைக்கே கௌரி அதைத் துணியில் முடிந்து பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவன் திரும்பி வந்தால், எங்கள் வாசற்படியில் கால் வைக்க முதல் நேரே கோயிலுக்குக் கூட்டிப்போய் இதைப் பிள்ளையாருக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் இனிக் கோபித்துக்கொண்டு போகமாட்டான். அதுதான் அவள் வைத்த நேர்த்தி. ஆறு வருடத்தில் துணியின் மஞ்சள் வெளிறியபோதெல்லாம் திரும்ப மஞ்சள் பூசி வைத்தாள்.

அந்த முடிச்சு எங்கே என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் நின்ற பிளாஸ்டிக் விமானத்தின் மூக்குக்குள் இருந்தது.

இதற்குக் காரணம் என் டொக்டர். விரல்கள் மரத்துப் போகின்றன என்றேன். விரலுக்கு வேலை கொடுங்கள் என்றார். வீணை வாசிக்கச் சொன்னாரா, விமானம் ஒட்டச் சொன்னாரா என்பது தெளிவாக விளங்கவில்லை. வீணைக்கு வீட்டில் இடம் இல்லை. ஆகவே மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கடைக்குப் போய், துண்டுகளை ஒட்டி விமானம் செய்கிற ஒரு கிட் பெட்டி வாங்கினேன். நிஜ விமானத்தை நூற்று நாற்பத்து நாலாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் அளவு. நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. கடையில் பத்து ரகம் இருந்தன. கைக்கு எட்டியதை எடுத்தேன். அனுஷன் பூட்டிக் கழற்றுகிற அதே ரகம் அது என்று பிறகு நிலானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது மேல்தட்டில் இருந்தது. கடைக்காரரிடம் ஸ்டூல் வாங்கிப் போட்டு எட்டினேன்.

குறிப்புத் தாளில் இருபத்தாறு படிகள். முதல் ஆறு படிக்கு எனக்கு ஒன்பது கிழமை எடுத்தது. அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. துண்டுகளைக் கௌரியின் இடியப்பத் தட்டில் அடுக்கிக் காயவைத்தேன். இறக்கைக்கு வெள்ளிப் பூச்சு அடித்த அன்று உடுப்புக்கொடியில் கௌரியின் கோயில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. இப்போது அதில் வெள்ளிப் புள்ளி போட்டிருக்கிறது. எங்கே வாங்கினது என்று கோயிலில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இறக்கையை முற்றத்தில் வெயிலுக்கு வைத்திருந்தபோது மேலே போன நிஜ விமானம் ஒன்று தன் இறக்கையை ஒருமுறை சாய்த்துவிட்டுப் போனது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். மரியாதைக்கு மரியாதை.

ஏழாம் படியில்தான் வினை. உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டி மூடுகிற படி அது. பக்கத்து வீட்டு வரதராஜன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, சின்ன வயதில் இப்படி நிறையச் செய்தவர்.

"அங்கிள், மூக்குல வெயிட் வைக்காம மூடிராதீங்க" என்றார். "வால் தரையில உக்காந்துக்கும், மூக்கு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். ஒட்டுனப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது: மூக்குக்குள் ஐம்பது கிராம் கனம். ஆனால் என் பெட்டியில் கனம் ஒன்றும் வரவில்லை. மூன்று தரம் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. சத்தியத்தை முதல் வரியிலேயே செய்துவிட்டபடியால் இங்கே திரும்பச் செய்யத் தேவையில்லை.

வீட்டில் ஐம்பது கிராமில் வேறு என்ன இருக்கிறது? உழுந்து அளந்து பார்த்தேன். முளைத்துவிடும் என்று பயமாக இருந்தது. சாமித்தட்டில் கைவைத்தபோது மஞ்சள் கிழங்கு ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது. மஞ்சள் கிழங்கு என்றுதான் நினைத்தேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கௌரியின் சமையல் தராசில் நாற்பத்தெட்டு கிராம் காட்டியது. உள்ளே வைத்து மூடிவிட்டேன். மஞ்சள் கிழங்கு கிலுங்குமா என்று கேட்பீர்கள். காதுக் கருவியையும் அன்று கழற்றி வைத்திருந்தேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் நிலானியின் போன் வந்தது. மிச்சம் பத்தொன்பது படியையும் பதினொரு நாளில் முடித்தேன். வெயில் நன்றாக எறித்தது, பசை சீக்கிரம் காய்ந்தது. வேறு காரணம் இல்லை. அப்பா தம்பியோடை கதைக்கிறதுக்குப் பதிலாய் இதைச் செய்யிறார் என்று நிலானி ஒருநாள் குசினியில் தாய்க்குச் சொன்னது காதில் விழுந்தது. உடனே காதுக் கருவியைக் கழற்றிவிட்டேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். கௌரி சாமித்தட்டு முழுவதையும் இறக்கித் துடைத்தாள். பிறகு அலுமாரி. பிறகு அரிசி வாளி. நானும் சும்மா இருக்கவில்லை, குளிர்ப்பெட்டியை முன்னுக்கு இழுத்து அதன் பின்னால் தேடினேன். தொலைந்ததை வீட்டில் எல்லாரிலும் மும்முரமாகத் தேடியவன் நான்தான்.

பதினொரு மணிக்கு அவள் தேடுவதை நிறுத்திவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தாள். அவள் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளையார் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்" என்றாள். "அவன் வரமாட்டான். வந்தாலும் வாசலோடை திரும்பிடுவான்."

"விசர்க் கதை கதைக்காதை."

"ஆறு வருசம் பார்த்துப் பார்த்து வைச்சிருந்தனான். இண்டைக்கு எண்டு இல்லை."

நான் எழுந்து மேசையடிக்குப் போனேன். விமானம் மூன்று சில்லில் நேராக நின்றது. துண்டு வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்து மூக்கின் அடியில், இரண்டு பாதியும் சேரும் கோட்டில் வைத்தேன். அந்தக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. உடைத்தால் முடிச்சு வரும், கௌரியின் முகம் திரும்பி வரும். ஆனால் மூக்கு இல்லாத விமானத்தை மேசையில் வைத்துக்கொண்டு நான் அனுஷனுக்கு எதைக் காட்டுவது? விழட்டும் என்று சொன்ன வாயில் வேறு சொல் இல்லாதவனிடம் இருந்தது இந்த ஒரு சாமான்தான்.

கத்தி இறங்கவில்லை. விரலுக்கு அன்று கொடுத்த வேலை போதும்.

நிலானி பதினொன்றரைக்கு வந்தாள். தாய் இருந்த இருப்பைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், கைப்பையை வைக்க இடம் தேடினாள். மேசையில் இடம் இல்லை. விமானத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

கிலுங்.

சின்னச் சத்தம். என் காதுக்கே கேட்டது, கருவி போட்டிருந்தேன். நிலானி இன்னொருமுறை சரித்தாள். கிலுங்.

கௌரி குசினியிலிருந்து வந்தாள். விமானத்தைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்ப்பவள்போலக் கண்ணைத் தாழ்த்தி, சத்தம் வந்த பக்கம் வந்தாள். வந்து அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள்.

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். நாற்பத்தொரு வருட அனுபவத்தில் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு நேரம் என்று எனக்குக் கணக்குத் தெரியும். இதற்கு இரண்டு நாள்.

"இதை எப்ப உள்ளுக்கை வைச்சு மூடினனியள்?" என்று கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை. பதின்மூண்டு நாள்."

"அவன் டிக்கெட் போட்டது செவ்வாய்."

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. தேதிகளை மட்டும் எழுதுகிறேன்.

நிலானிதான் நர்ஸ் குணத்தோடு கையை நீட்டினாள். கத்தியைத் தாங்கோ அப்பா, மெல்லக் கீறி எடுக்கிறன், தையல் போட்டமாதிரி திரும்ப ஒட்டலாம் என்றாள். வேலிக்கு மேலால் வரதராஜனும், தன்னிடம் மெல்லிய வாள் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவருக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

கௌரி மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதை எடுத்தா மூக்குத் தூக்கும், என்ன?"

"தூக்கும்."

"அப்ப கிடக்கட்டும். பிளேனோடையே கோயிலுக்குக் கொண்டுபோவம்."

"அம்மா, ஐயர் என்ன சொல்லுவார்?"

"எலியிலை போறவர்தானே பிள்ளையார். பிளேன் வேண்டாம் எண்டு சொல்லமாட்டார்."

இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். விமானத்தை மடியில் வைத்து, அதற்கும் எனக்கும் சேர்த்து ஒரே சீட் பெல்ட் போட்டாள் நிலானி. வழியில் கடலுக்கு மேலால் போகிற பாலத்தில் நல்ல காற்று. கௌரி ஜன்னலைச் சற்றுத் திறந்ததும் இறக்கை காற்றைப் பிடித்தது. காரின் முன் சில்லு இரண்டும் தரையை விட்டுக் கிளம்பியதை நான் உணர்ந்தேன். நிலானி ஜன்னலை மூடியபடியால் தப்பினோம். அவளுக்கு இது நினைவில்லை என்கிறாள்.

விமான நிலையத்தில் பலகையில் பிரிஸ்பேன் விமானம் மூன்று பத்துக்கு இறங்கிவிட்டதாகக் காட்டியது. மற்றவர்கள் பெயர் எழுதிய அட்டை பிடித்திருந்தார்கள். நான் விமானம் பிடித்திருந்தேன்.

கதவு திறந்தது. ஒரு குடும்பம், நாலு பெட்டி. கதவு திறந்தது. றக்பி விளையாடுகிற உடம்போடு ஏழெட்டு இளைஞர்கள். ஒவ்வொரு தரமும் கௌரி ஒரு அடி முன்னுக்கு வைத்து, பிறகு அதே அடியைப் பின்னுக்கு வைத்தாள். கால் நோகும், இரு என்றேன். இருக்கவில்லை.

மூன்றே முக்கால். நாலு. நிலானி போன் அடித்துப் பார்த்தாள், மணி போகவில்லை. அட்டை பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அட்டையை மடித்துக்கொண்டு போனார்கள். என்னால் மடிக்க முடியாது. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றேன், அது ஒரு பழக்கம்.

"அவன் பிளேன் ஏறேல்லைப் போலை" என்றாள் கௌரி. என்னிடம் சொல்லவில்லை. விமானத்தின் மூக்கிடம் சொன்னாள்.

நாலு பத்துக்குக் கதவு திறந்தது. மீசை வைத்திருந்தான். தோளில் ஒரு சின்னப் பை மட்டும். தாய்க்குக் கொண்டுவந்த ஊறுகாய்ப் போத்தலை அதிகாரிகள் திறந்து பார்த்து, மணந்து பார்த்து, கடைசியில் விட்டுவிட்டார்களாம். அதற்குத்தான் இவ்வளவு நேரம்.

தாயைக் கட்டிப்பிடித்தான். அக்காவின் தலையில் தட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காட்டுங்கோ" என்றான்.

கொடுத்தேன். ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் வாலையும் தாங்கி, பிள்ளையை வாங்குவதுபோல வாங்கினான். வெளிச்சத்துக்குத் தூக்கி அடிவயிற்றைப் பார்த்தான். எஞ்சினைப் பார்த்தான். மூக்கின் கோட்டை விரலால் தடவினான். கோடு அகப்படவில்லை, திரும்பவும் தடவினான். நகத்துக்குள் கறுப்பு எண்ணெய் இருந்தது. அந்த விரல்கள் எப்படி ஆகிவிட்டன என்று பார்க்க எனக்கு ஆறு வருடம் எடுத்திருக்கிறது.

"முன் சில்லுக் கதவு இடம் வலம் மாறிப்போச்சு, அப்பா."

"நீ வந்து மாத்து எண்டு விட்டிருக்கிறன்" என்றேன்.

பக்கத்தில் கிடந்த நீள இருக்கை வாங்கில் வைத்தான். மூன்று சில்லில் நின்றது. வாலை ஒரு விரலால் அமத்தி விட்டான். மூக்கு எழும்பி, திரும்ப வந்து இருந்தது.

கிலுங்.

"நல்லா நிக்குது" என்றான். பிறகு, "உள்ளுக்கை என்ன?"

கௌரி சொன்னாள். அரைஞாண், நேர்த்தி, காலையில் தேடியது எல்லாவற்றையும் சொன்னாள். "கொப்பர் மஞ்சள் கிழங்கெண்டு நினைச்சு வைச்சு மூடிப்போட்டார். பெட்டியிலை கனம் வரேல்லையாம்."

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"இதே கிட் எங்கடை வேலையிடத்திலை நாலு பேர் செய்தவை, அப்பா. நானும் ஒண்டு செய்தனான். இந்தப் பெட்டியிலை கனம் வரும்."

"எனக்கு வந்த பெட்டியிலை வரேல்லை" என்றேன்.

அவன் விமானத்தை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கி முன்னால் நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தம் வந்தது. கௌரி அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போனாள்.

காரில் ஏறும்போது நிலானி, திரும்பிப் போறது எண்டைக்கு தம்பி என்று மெல்லக் கேட்டாள். கோயிலுக்குப் போட்டு வந்து சொல்லுறன் என்றான். கோயில் ஐந்து மணிக்குத் திறக்கும். அப்போது நாலே முக்கால்.

பெட்டியில் ஐம்பது கிராம் இரும்புக் குண்டு ஒன்று வந்திருந்தது. அது மூக்கை ஒட்டி மூடிய அன்றிலிருந்து என் சட்டைப் பையில் இருக்கிறது.